திரைக்கும் திரைக்கும் நடுவே: ஸ்டோரிபோர்டு எதற்கு, எப்படி?

செயலியின் எல்லாத் திரைகளையும் வரைந்தாகிவிட்டது. எந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே போகும் என்று அம்புக்குறியும் போட்டாகிவிட்டது. அந்த நேரத்தில் ஒருவர் வந்து, "இதற்கு ஸ்டோரிபோர்டு எங்கே?" என்று கேட்டால் குழுவில் பாதிப் பேர் விழிக்கிறார்கள். திரைகள்தான் வரிசையாக இருக்கின்றனவே, அதற்கு மேல் என்ன கதை? சினிமா எடுப்பவர்களின் வேலைக்கும் ஒரு செயலிக்கும் என்ன சம்பந்தம்?

குழப்பம் நியாயமானதுதான். பார்க்கக் கிடைக்கிற ஸ்டோரிபோர்டுகளில் பல ஒரே அச்சில் வார்த்தவை. முதல் கட்டத்தில் வாடிய முகம், நடுவில் ஒரு போன், கடைசிக் கட்டத்தில் சிரித்த முகம். அதைப் பார்த்தால் விளம்பரம் என்று தோன்றுமே தவிர, திட்டமிடும் கருவி என்று தோன்றாது.

ஆனால் ஒழுங்காகச் செய்தால், வேறு எந்த ஆவணத்திலும் அகப்படாத ஒன்று இதில் அகப்படும். ஒரு திரையைப் பார்த்து முடித்ததற்கும் அடுத்த திரையைத் தொடுவதற்கும் இடையில் அந்த மனிதர் எங்கே போனார், என்ன செய்தார், எதை மறந்தார் என்பதுதான் அது. ஒரு பொருள் தோற்றுப்போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

## ஸ்டோரிபோர்டு என்றால் என்ன

ஒரு மனிதர், அவர் இருக்கும் இடம், அவருக்கு ஒரு தேவை. அந்தத் தேவை நிறைவேறும் வரைக்கும், அல்லது நிறைவேறாமல் போகும் வரைக்கும் நடப்பதைச் சித்திரக்கதை மாதிரி சில கட்டங்களில் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி எழுதினால் அது ஸ்டோரிபோர்டு. கதைப்பலகை என்றும் தமிழில் எழுதலாம். தொழிலில் இருப்பவர்கள் வாயில் ஸ்டோரிபோர்டு என்றுதான் வருகிறது.

பலகை என்ற பெயர் சும்மா வந்ததில்லை. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் ஸ்டுடியோவில் காட்சிகளைத் தனித்தனித் தாள்களில் வரைந்து, பலகையில் வரிசையாகக் குத்தி வைக்கும் பழக்கம் வந்தது. வெப் ஸ்மித் என்ற கலைஞர் அதைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். அனிமேஷனில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம்கள் ஓடுகின்றன. வரைந்து, வண்ணம் பூசி, படம்பிடித்த பிறகு "இந்தக் காட்சி வேண்டாம்" என்றால் எத்தனையோ பேரின் உழைப்பு வீண். பலகையில் இருக்கும்போதே வேண்டாம் என்றால் ஊசியைப் பிடுங்கினால் போதும். தாளை இடம் மாற்றலாம், நடுவில் ஒன்றைச் சொருகலாம், எல்லோரும் எதிரே நின்று ஒரே கதையைப் பார்க்கலாம்.

மென்பொருளுக்கும் இதே கணக்குதான். நிரல் (code) எழுதிய பிறகு ஒரு எண்ணத்தைக் கைவிடுவது வலிக்கும். தாளில் இருக்கும்போது கைவிடுவது வலிக்காது.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சினிமா ஸ்டோரிபோர்டு, கேமரா எங்கே நிற்கும், யார் எந்தப் பக்கம் நடப்பார் என்று சொல்கிறது. அதைப் பார்த்து நடிகர் நடிப்பார். பொருள் வடிவமைப்பில் நமக்கு நடிகர் கிடையாது. பயனர் நாம் சொன்னபடி நடக்க மாட்டார். அதனால் நம்முடைய ஸ்டோரிபோர்டை உத்தரவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது ஓர் ஊகம். "இப்படித்தான் நடக்கும் என்று நாங்கள் நம்புகிறோம், சரிதானா?" என்று கேட்கிற தாள்.

## எதோடு எதைக் குழப்பிக்கொள்கிறோம்

ஒரே மேஜையில் கிடக்கிற ஐந்து ஆவணங்கள், ஐந்து வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

1. வயர்ஃப்ரேம்: ஒரு திரையில் எது எங்கே இருக்கும்?
2. யூஸர் ஃப்ளோ: எந்தத் திரையிலிருந்து எந்தத் திரைக்குப் போக வழி இருக்கிறது?
3. புரோட்டோடைப்: தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும்? காகிதத்திலும் செய்யலாம், கணினியிலும் செய்யலாம்.
4. ஜர்னி மேப்: ஒருவர் ஒரு சேவையோடு தொடர்பு கொள்கிற நாள்கள், வாரங்கள் முழுவதும் அவருடைய அனுபவம் எப்படி ஏறி இறங்குகிறது? இது பலருடைய அனுபவத்தைச் சுருக்கிய அட்டவணை.
5. ஸ்டோரிபோர்டு: குறிப்பிட்ட ஒருவர், குறிப்பிட்ட ஒரு நேரத்தில், எதற்காக இதைக் கையில் எடுக்கிறார்? கீழே வைத்த பிறகு என்ன ஆகிறது?

முதல் மூன்றிலும் மனிதரே இல்லை என்பதைக் கவனியுங்கள். திரை இருக்கிறது, விரல் இருப்பதாக வைத்துக்கொள்கிறோம். அந்த விரலுக்குச் சொந்தக்காரர் நிற்கிறாரா, நடக்கிறாரா, கையில் குழந்தை இருக்கிறதா என்பதெல்லாம் படத்துக்கு வெளியே. நான்காவதில் மனிதர் உண்டு, ஆனால் அவர் ஒரு சராசரி. ஐந்தாவதில்தான் ஓர் ஆள் ஓர் அறையில் நிற்கிறார்.

## ஒரு மாத்திரை, ஆறு கட்டங்கள்

மாத்திரை எடுத்துக்கொள்ள நினைவூட்டும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தனியாக வசிக்கும் 68 வயது அம்மா; இரவு ரத்த அழுத்த மாத்திரை ஒன்று. வேறு ஊரில் இருக்கும் மகளுக்கும் தகவல் போகும். வயர்ஃப்ரேமில் இது மிக எளிது. அலாரம் திரை ஒன்று. அதில் பெரிதாக, பச்சையாக "எடுத்துக்கொண்டேன்", அதன் கீழே சிறிதாக "பிறகு நினைவூட்டு". அழுத்தினால் ஒலி நிற்கும், மகளின் போனுக்குப் பச்சை டிக் போகும். யாரிடம் காட்டினாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

இதையே கட்டங்களாகப் போட்டுப் பார்ப்போம்.

கட்டம் 1. இரவு எட்டு மணி. சமையலறைத் தொட்டியில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். இரண்டு கையிலும் சோப்பு நுரை.

கட்டம் 2. படுக்கையறையில், சார்ஜரில் செருகிய போன் ஒலிக்கிறது. அம்மா தலையைத் திருப்புகிறார்.

கட்டம் 3. துண்டில் கையைத் துடைத்தபடி போன் முன்னால் நிற்கிறார். மூக்குக்கண்ணாடி சமையலறை ஜன்னலோரத்தில் இருக்கிறது. எழுத்து மங்கல். பச்சையாகத் தெரிவதைத் தொடுகிறார். ஒலி நிற்கிறது.

கட்டம் 4. மாத்திரைப் பெட்டி முன்னறை அலமாரியில். அங்கே போகும்போது வாசல் மணி அடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்.

கட்டம் 5. பத்து மணி. விளக்கை அணைக்கிறார். அலமாரியில் இருக்கும் பெட்டியில் "செவ்வாய் இரவு" என்ற அறையின் மூடி திறக்கப்படவே இல்லை.

கட்டம் 6. வேறு ஊர். மகள் போனைப் பார்க்கிறார்: "அம்மா மாத்திரை எடுத்துக்கொண்டார்." பச்சை டிக். நிம்மதியாகப் படுக்கப் போகிறார்.

இந்த ஆறு கட்டத்திலும் செயலி பழுதாகவில்லை. எழுதிக்கொடுத்தபடி அலாரம் அடித்தது, பட்டன் வேலை செய்தது, தகவல் போனது. ஆனால் மாத்திரை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சோதனை செய்பவர் கையில் இதைக் கொடுத்தாலும் பிழை என்று ஒன்றும் எழுத மாட்டார்.

இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. ஒரே பட்டனுக்கு இரண்டு வேலை. "எடுத்துக்கொண்டேன்" என்பது ஒலியை நிறுத்தும் சுவிட்சாகவும் இருக்கிறது, நடந்ததற்குச் சாட்சியாகவும் இருக்கிறது. சத்தம் போடுகிற ஒன்றை மனிதர் முதலில் அடக்கத்தான் பார்ப்பார். அந்த அவசரத்தில் விழும் விரலைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

2. ஒலிக்கும் இடம் வேறு, செயல் நடக்கும் இடம் வேறு. போன் ஒரு அறையில், பெட்டி இன்னொரு அறையில். நடுவே நடக்கும் பத்தடி தூரத்தில் ஞாபகம் கைநழுவுகிறது. எந்த வயர்ஃப்ரேமிலும் அந்தப் பத்தடி கிடையாது.

3. பச்சை டிக் மகளின் நடத்தையை மாற்றுகிறது. எனக்கு இதுதான் மிகக் கவலை தருவது. இந்தச் செயலி இல்லாத காலத்தில் மகள் என்ன செய்திருப்பார்? ஒன்பது மணிக்கு ஒரு போன் போட்டு, "அம்மா, மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டிருப்பார். அம்மாவும், "அட, மறந்தே போச்சு" என்று எழுந்து போயிருப்பார். டிக் வந்துவிட்டதால் அந்தப் போன் வரவில்லை. அதாவது, ஏற்கெனவே ஓரளவு ஓடிக்கொண்டிருந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டு, அதைவிட நம்பகம் குறைந்த ஒன்றை வைத்திருக்கிறோம். உதவி செய்ய வந்த பொருள், இருந்த உதவியைத் துரத்திவிட்டது.

மூன்றாவது விஷயம் ஆறாம் கட்டம் வரைந்ததால்தான் தெரிந்தது. "அம்மாவின் திரைகள்" என்று தனிக் கோப்பும் "மகளின் திரைகள்" என்று தனிக் கோப்பும் வைத்திருந்தால், இரண்டும் அழகாக இருந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பொய் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

## கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை

சித்திரக்கதையில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சந்து இருக்கும். முதல் கட்டத்தில் ஒருவர் கதவருகே நிற்கிறார், அடுத்ததில் தெருவில் நடக்கிறார். கதவைத் திறந்ததை யாரும் வரையவில்லை. படிப்பவரின் மனம் தானாகவே அதை நிரப்பிக்கொள்கிறது. அமெரிக்கச் சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993இல் இதை விரிவாக விளக்கினார். சித்திரக்கதை என்ற கலையே அந்தச் சந்தில்தான் உயிர் வாழ்கிறது என்பது அவர் கருத்து.

வாசகருக்கு அது இன்பம். டிசைனருக்கு அதுவே ஆபத்து. ஏனென்றால் நம் மனமும் அதே மாதிரி நிரப்பிக்கொள்கிறது, அதுவும் நமக்குச் சாதகமாக. "அலாரம் அடித்தது" என்று ஒரு கட்டம், "மாத்திரை எடுத்தார்" என்று அடுத்த கட்டம் போட்டுவிட்டால், நடுவில் இருந்த சோப்புக் கை, கண்ணாடி, வாசல் மணி எல்லாம் அந்தச் சந்தில் விழுந்து மறைந்துவிடும்.

இதற்கு ஒரு பழக்கம் உதவும். வரைந்து முடித்த பிறகு, ஒவ்வொரு சந்திலும் பென்சிலால் மூன்று கேள்வி போடுங்கள்: எவ்வளவு நேரம் போனது? இடம் மாறியதா? கை மாறியதா? கை மாறுவது என்றால், போன் கையிலிருந்து கீழே போனதா, இன்னொருவரிடம் போனதா, வேறு கருவிக்குத் தாவியதா என்று அர்த்தம். மூன்றில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்று பதில் வந்தால், அந்தச் சந்துக்குள் இன்னொரு கட்டம் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நேரத்தைக் காட்டப் பெரிய ஓவியத் திறமை வேண்டியதில்லை. சுவரில் ஒரு கடிகாரம், ஜன்னலில் நிலா, அல்லது "இரண்டு மணி நேரம் கழித்து" என்று ஒரு துண்டு வரி. நேரம் கதைக்கு முக்கியமில்லாத இடத்தில் அதைக் காட்டவும் வேண்டாம்.

## முதல் கட்டம் எங்கிருந்து வருகிறது

கடைசிக் கட்டத்தைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். நாள் கணக்கில் யோசிக்க வேண்டியது முதல் கட்டத்தை. அங்கேதான் "பிரச்சினை இதுதான்" என்று குழு முடிவு கட்டுகிறது. அது தப்பாகிவிட்டால் மற்ற ஐந்து கட்டமும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தும் பயனில்லை.

மாத்திரையையே பார்ப்போம். நாள்பட்ட நோய்களுக்கான மருந்தைச் சொன்னபடி எடுத்துக்கொள்வது வளர்ந்த நாடுகளில் சராசரியாக 50 சதவீத அளவில்தான் இருக்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. மீதிப் பேரும் மறதிக்காரர்களா? இல்லை. மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது என்று விட்டவர் இருக்கிறார். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு என்று நிறுத்தியவர் இருக்கிறார். வாங்கக் கட்டுப்படியாகாதவர் இருக்கிறார். இவர்கள் யாருக்கும் அலாரம் தேவையில்லை. தலை சுற்றுகிறவருக்குத் தினமும் எட்டு மணிக்கு மணியடித்தால், அவர் ஒரு வாரத்தில் செயலியை நீக்கிவிடுவார்.

ஆகவே முதல் கட்டத்தைக் கூட்ட அறையில் உட்கார்ந்து கற்பனை செய்யக் கூடாது. நேரில் பார்த்ததிலிருந்து வர வேண்டும். ஐந்தாறு வீடுகளுக்குப் போய், "நேற்று ராத்திரி மாத்திரை எப்படிப் போட்டீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டால் போதும். "வழக்கமாக எப்படி?" என்று கேட்டால் ஒழுங்கான பதில் வரும், "நேற்று எப்படி?" என்று கேட்டால் உண்மை வரும். மூக்குக்கண்ணாடி ஜன்னலோரத்தில் இருப்பதெல்லாம் அப்படிப் போனால்தான் கண்ணில் படும்.

## வரையும் முறை

ஆளுக்கு ஆள் முறை மாறும். கீழே இருப்பது தொடங்குவதற்குப் போதுமான ஒரு வரிசை.

1. ஓர் ஆளையும் ஒரு குறிக்கோளையும் மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டு குறிக்கோள் என்றால் இரண்டு ஸ்டோரிபோர்டு.
2. படம் வரைவதற்கு முன் கதையை வெறும் வரிகளாக எழுதுங்கள். ஆறேழு வரி. எழுத்தில் ஓடாத கதை படத்திலும் ஓடாது.
3. தூண்டுதல் எது என்று தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அலாரமா, பசியா, இன்னொருவர் கேட்டதா? பொருளை ஏன் அந்த நொடியில் தொடுகிறார் என்பதற்குப் பதில் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள்.
4. ஒரு ஸ்டிக்கி நோட்டில் ஒரு கட்டம் வீதம் வரையுங்கள். ஒட்டலாம், எடுக்கலாம், மாற்றலாம். டிஸ்னி பலகையின் பயன் இதில் அப்படியே இருக்கிறது.
5. எல்லாக் கட்டத்திலும் திரையை வரையாதீர்கள். ஆறில் இரண்டில் திரை வந்தால் ஏராளம். அதிலும் பட்டன்களின் விவரம் வேண்டாம்.
6. பக்கத்தில் இருக்கும், விஷயம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, நீங்கள் வாய் திறக்காமல், அவரையே கதை சொல்லச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே கட்டம் குறைகிறது.

அப்புறம், தோல்விக் கதைக்கு ஒரு தனிப் பலகை. இதைப் பட்டியலில் ஏழாவதாகச் சேர்க்காமல் தனியே சொல்வதற்குக் காரணம், நேரமில்லை என்று முதலில் விட்டுவிடுவது இதைத்தான் என்பது. மேலே பார்த்த ஆறு கட்டங்களும் ஒரு தோல்விக் கதைதான். வெற்றிக் கதை வரைந்திருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது.

## "எனக்கு வரைய வராதே"

வட்டத்துக்குக் கீழே ஐந்து கோடு போட்டால் மனிதர். அது போதும் என்பதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கரடுமுரடான படத்துக்கு ஒரு தனிப் பலன் உண்டு. பளபளப்பான படத்தைக் காட்டினால் பார்ப்பவர், "எல்லாம் முடிவாகிவிட்டது போல" என்று நினைத்து, வண்ணத்தைப் பற்றியும் எழுத்துருவைப் பற்றியும் மட்டும் பேசுவார். கிறுக்கிய படத்தைக் காட்டினால், "இது ஏன் இப்படி?" என்று அடிப்படையையே கேட்பார். பில் பக்ஸ்டன் போன்ற வடிவமைப்பு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இது: கோட்டோவியம் யோசனையைத் திறந்து வைக்கும், முடித்து வைக்காது.

2006இல் கை ட்ருவாங், ஜில்லியன் ஹேய்ஸ், கிரெகரி அபவுட் என்ற மூன்று ஆய்வாளர்கள், நல்ல ஸ்டோரிபோர்டை எது தீர்மானிக்கிறது என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் பிரித்துக் காட்டிய ஐந்து கூறுகள்: படத்தில் எவ்வளவு விவரம், எழுத்து இருக்கிறதா, மனிதர்களும் உணர்ச்சியும் இருக்கின்றனவா, எத்தனை கட்டம், நேரம் எப்படிக் காட்டப்படுகிறது. ஐந்தில் ஒன்றுகூட ஓவியத் திறமை இல்லை. எல்லாமே எதை வைப்பது, எதை விடுவது என்ற தீர்மானங்கள்.

முகத்தை மட்டும் கொஞ்சம் அக்கறையாக வரைவது நல்லது. புருவமும் வாயும் இருந்தால் போதும். குழம்பினாரா, எரிச்சலா, நிம்மதியா என்று தெரிந்துவிடும். எல்லாக் கட்டத்திலும் ஒரே சிரிப்பு என்றால் அந்தப் பலகையைத் தூக்கி வைத்துவிட்டுத் திரும்பத் தொடங்குவது மேல்.

## நிறுவனங்கள் இதை எங்கே வைக்கின்றன

கூகுளின் முதலீட்டுப் பிரிவான கூகுள் வென்ச்சர்ஸில் ஜேக் நேப்பும் அவருடைய சகாக்களும் வளர்த்தெடுத்த டிசைன் ஸ்பிரின்ட் என்ற ஐந்து நாள் முறையில் ஸ்டோரிபோர்டுக்குப் புதன்கிழமை என்று நாளே குறிக்கப்பட்டிருக்கிறது. செவ்வாயன்று ஆளாளுக்கு வரைந்த யோசனைகளில் எது என்று புதன் காலையில் முடிவாகும். மதியம் ஸ்டோரிபோர்டு. வியாழன் புரோட்டோடைப். வெள்ளி ஐந்து பயனர்களிடம் சோதனை. கதையை நம்முடைய திரையிலிருந்து தொடங்காமல், அதற்கு ஒரு படி முன்னாலிருந்து, அதாவது பயனர் இதை எங்கே முதலில் பார்க்கிறார் என்ற இடத்திலிருந்து தொடங்கச் சொல்கிறார்கள். தேடலில் கண்டாரா, நண்பர் சொன்னாரா என்பதைப் பொறுத்து அவர் என்ன எதிர்பார்ப்போடு உள்ளே வருகிறார் என்பது மாறும்.

பயணிகள் தங்க மற்றவர்களின் வீடுகளை வாடகைக்குப் பிடித்துத் தரும் இணையதளமான ஏர்பிஎன்பி செய்தது வேறு மாதிரி. 2012 வாக்கில், டிஸ்னியின் வழியைப் பார்த்து, பிக்ஸார் அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை செய்த ஓவியரைக் கொண்டு, விருந்தினர் ஒருவரின் பயணத்தையும் வீடு கொடுப்பவரின் பயணத்தையும் கட்டங்களாக வரைந்து அலுவலகத்தில் மாட்டினார்கள். அப்போது கண்ணில் பட்டது எளிய ஒரு விஷயம்: முக்கியமான தருணங்களில் பல, இணையதளத்துக்கு வெளியே நடக்கின்றன. முன்பின் தெரியாத வீட்டு வாசலில் பெட்டியோடு நிற்கும் நிமிடத்தில் அவர் முன்னால் கணினி இல்லை. கையில் போன்தான் இருக்கிறது. கைபேசி அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது இதில் தெளிவானது. இங்கே படங்கள் நேர்த்தியாக இருந்தன, அதுவும் சரிதான். நிறுவனம் முழுவதும் பல ஆண்டுகள் பார்க்க வேண்டிய பலகை அது. யோசித்துக் கிழிக்க வேண்டிய பலகை வேறு.

இன்னொரு பயன்பாடும் உண்டு. கட்டுவதற்கு முன்பே ஸ்டோரிபோர்டுகளைப் பயனர்களிடம் வரிசையாகக் காட்டி, "இந்தத் தேவை உங்களுக்கு இருக்கிறதா?" என்று கேட்பது. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் இதற்கு ஸ்பீட் டேட்டிங் என்று பெயர் வைத்தார்கள். நிறைய யோசனைகளைக் குறைந்த நேரத்தில் சந்திக்க வைப்பதால் அந்தப் பெயர். புரோட்டோடைப்பைக் காட்டினால் மக்கள் பட்டனைப் பற்றிப் பேசுவார்கள். கதையைக் காட்டினால், "என் மகளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம்" என்று வாழ்க்கையைப் பற்றிப் பேசுவார்கள். அந்த ஒரு வாக்கியம் ஆறு மாத வேலையை மிச்சப்படுத்தும்.

## பலகையிலிருந்து நிரலுக்கு

டெவலப்பர்களுக்கு ஸ்டோரிபோர்டு பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. கட்டங்களை அவர்களுடைய கேள்வியாக மாற்றித் தராததால் வரும் மனக்கசப்பு அது. இரண்டாம் கட்டத்தில் "போன் ஒலிக்கிறது" என்று எழுதியிருக்கிறோம். ஒரு டெவலப்பர் உடனே கேட்பார்: நிச்சயம் ஒலிக்குமா?

2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவும் செயலி அறிவிப்பு காட்டுவதற்குப் பயனரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். ஐபோனிலும் அனுமதி வேண்டும். முதல் முறை திறந்தவுடன் அனுமதிப் பெட்டி வந்தால், எதற்கென்று புரியாமல் "வேண்டாம்" என்று அழுத்திவிடுவது சகஜம். அப்படி அழுத்தினால் நினைவூட்டல் கண்ணிலேயே படாமல் போகலாம். அது மட்டுமில்லை. 2015இல் ஆண்ட்ராய்டு 6 கொண்டுவந்த, பேட்டரியை மிச்சப்படுத்தும் டோஸ் (Doze) என்ற ஏற்பாட்டில், சார்ஜில் போடாமல் அசையாமல் கிடக்கும் போனில் சாதாரண அலாரங்கள் தள்ளிப்போகும். இதற்கென்று உள்ள சிறப்பு வழியில் எழுதினால்தான் சொன்ன நேரத்தில் அடிக்கும்.

ஆக, முதல் கட்டத்துக்கு முன்னால் இன்னொரு கட்டம் வேண்டும். மகள் ஊருக்கு வந்தபோது அம்மாவின் போனில் செயலியை நிறுவித் தருகிறார். அனுமதிக் கேள்வி யாருடைய விரலில், எந்தப் பேச்சுக்கு நடுவில் வருகிறது? ஸ்டோரிபோர்டு இல்லாத குழுவில் இது யாருடைய வேலை என்றே தெரியாமல் கிடந்திருக்கும்.

## திரை சில நிமிடத்தில் கிடைக்கும்போது?

இப்போது ஏஐ கருவியிடம் நாலு வரி சொன்னால் ஓடுகிற புரோட்டோடைப்பே கிடைக்கிறது. அதனால் ஸ்டோரிபோர்டு தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் இதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். திரை மலிவாகிவிட்டால், தப்பான திரையும் மலிவாகக் கிடைக்கும். "எடுத்துக்கொண்டேன்" பட்டனை அந்தக் கருவியும் அழகாகத்தான் வரைந்து தரும்.

ஸ்டோரிபோர்டையே ஏஐயிடம் வரையச் சொல்வதும் நடக்கிறது. படம் வரும். ஆனால் முன்பு சொன்ன பளபளப்புச் சிக்கல் அதில் இரண்டு மடங்கு. போதாததற்கு, நாம் பார்க்காத அறையை அது ஒழுங்கான அறையாக வரைந்துவிடும். கண்ணாடியும் போனும் மாத்திரைப் பெட்டியும் ஒரே மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் ஸ்டோரிபோர்டு வேண்டுமா என்றால், வேண்டாம். அமைப்புகள் பக்கத்தில் ஒரு தேர்வைச் சேர்க்கிறீர்கள், இருக்கிற படிவத்தைச் சுருக்குகிறீர்கள் என்றால் வயர்ஃப்ரேம் போதும். இடம் மாறுகிறது, நேரம் போகிறது, இரண்டாவது ஆள் வருகிறார்: இந்த மூன்றில் ஒன்று இருந்தால் பலகையை எடுங்கள்.

## திருத்திய பலகை

அதே வீட்டுக்குத் திரும்புவோம். ஒலியை நிறுத்துவதும் சாட்சி சொல்வதும் இப்போது தனித்தனி. போனில் எங்கே தொட்டாலும் ஒலி நிற்கும், எதுவும் பதிவாகாது. பெட்டி இருக்கும் இடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, "முன்னறை அலமாரி" என்று பெரிய எழுத்தில் காட்டும். கண்ணாடி இல்லாதவருக்காக வாய்விட்டும் சொல்லும். ஐந்து நிமிடம் கழித்து மெதுவாக ஒரு முறை கேட்கும். பதில் வராவிட்டால் மகளுக்குப் போகும் செய்தி, "அம்மா மறந்துவிட்டார்" என்று இருக்காது. "இன்னும் தெரியவில்லை, ஒரு போன் போடுங்கள்" என்று இருக்கும். பச்சை டிக் எடுக்கப்பட்டுவிட்டது. போன் அழைப்பு திரும்ப வந்துவிட்டது.

இதைப் பலகையில் ஒட்டிப் பார்த்தால் அடுத்த சந்து தெரிகிறது. அம்மா அன்று உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார், மாத்திரையைக் கைப்பையில் எடுத்துப் போயிருக்கிறார், போன் எட்டு மணிக்கு எல்லோர் முன்னாலும், "முன்னறை அலமாரியில் ரத்த அழுத்த மாத்திரை" என்று உரக்கச் சொல்கிறது. அம்மாவின் முகத்தை அந்தக் கட்டத்தில் எப்படி வரைவது? அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் அது. ஸ்டிக்கி நோட்டு இன்னொன்றை எடுத்து, அந்தச் சந்தில் ஒட்ட வேண்டியிருக்கிறது.